கிரே கலர் பழைய டிராக்டர், ஃபெர்குசனா ஃபோர்டா?

ஒரு பழைய சின்ன டிராக்டர் கைக்கு வந்திருக்கு, மேல நாலஞ்சு தடவ பெயின்ட் அடிச்சிருக்காங்க, பேட்ஜ் எதுவும் இல்ல, சுரண்டிப் பாத்தா அடியில கிரே தெரியுது. என்ன மாடல்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

பதில்: கலர வச்சு முடிவு பண்ணாதீங்க. கியர் லீவர் பக்கத்துல S-னு ஒரு பொசிஷன் இருக்கா பாருங்க, லீவர அங்க தள்ளினா ஸ்டார்ட் ஆகும்னா அது பெரும்பாலும் ஃபெர்குசன் டிஇ20 (TE20), 1946லேருந்து 1956 வரைக்கும் இங்கிலாந்துல கவென்ட்ரில செஞ்சது. கியர்ல இருக்கும்போது ஸ்டார்ட் ஆகி வண்டி பாயக்கூடாதுன்னுதான் அந்த ஏற்பாடு, எவ்ளோ அழகா யோசிச்சிருக்காங்க!

பதில்: ஃபோர்டு 8என் (8N) மாடல்னா பானெட் கிரே, இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் சிவப்பு, முன்னாடி நாலு கியர். ஃபோர்டோட மத்த மாடல் 9என், 2என் ரெண்டுக்கும் மூணுதான்.

கேட்டவர்: S இருக்குங்க!! டேஷ்ல தகடு ஒண்ணு இருக்கு, துரு.

பதில்: சூப்பர்! தகட்ட சாண்ட்பேப்பர் போட்டுத் தேய்ச்சிடாதீங்க ப்ளீஸ், எண்ணெய் ஊறவச்சு துணியால மெதுவா துடைங்க. தகட்டுல டிஇஏ (TEA)-னு இருந்தா பெட்ரோல் வண்டி, டிஇஎஃப் (TEF)-னு இருந்தா டீசல். படிச்சுட்டு போட்டோ போடுங்க.