அரசு காப்பீட்டை ஏற்கும் நுரையீரல் டாக்டர் தெரிந்தால் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு வயது 67. மூன்று மாதமாக வறட்டு இருமல். நாலு படி ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு உட்கார்ந்திருக்கும்போது 95 சதவீதம் காட்டுகிறது, வீட்டுக்குள் கொஞ்சம் நடந்தால் 89. அதுதான் பயமாக இருக்கிறது.

எக்ஸ்ரே பார்த்த குடும்ப டாக்டர், தாமதிக்காமல் நுரையீரல் நிபுணரிடம் காட்டச் சொல்லிக் கடிதம் கொடுத்திருக்கிறார். ஊதச் சொல்லி நுரையீரல் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையும் சிடி ஸ்கேனும் தேவைப்படுமாம்.

எங்களிடம் இருப்பது அரசு காப்பீடு மட்டும்தான். பட்டியலில் இருந்த ஐந்து இடங்களுக்குப் போன் செய்தேன். இரண்டு இடத்தில் அந்தக் காப்பீட்டில் புது நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். ஒரு இடத்தில் டாக்டர் பார்ப்பார், பரிசோதனைக்கு நாம்தான் பணம் கட்ட வேண்டுமாம். மற்ற இரண்டில் போனே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி ஏற்பது வேறு, அங்கே பார்க்கும் டாக்டர் ஏற்பது வேறு என்பது இப்போதுதான் புரிகிறது.

உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் இந்தக் காப்பீட்டில் காட்டியிருந்தால், எங்கே, எத்தனை நாளில் நேரம் கிடைத்தது, ஸ்கேனுக்குக் காப்பீட்டின் முன் அனுமதியை யார் வாங்கினார்கள் என்று சொல்லுங்கள். மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் நெஞ்சகப் பிரிவுக்கு நேராகவே போகலாமா? எவ்வளவு தூரமானாலும் அழைத்துப் போகிறேன்.