சான் அன்டோனியோ மேயர் சம்பளம்: திருத்தம் ஈ-க்கு (E) ஆமாவா, இல்லையா?

கேள்வி:
டெக்சாஸ் மாநிலத்து சான் அன்டோனியோவில் இருக்கிறேன். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி இந்த 2024 நவம்பர் தேர்தல்தான் என் முதல் ஓட்டு. அதிபர், செனட்டர் எல்லாம் முடிவு செய்தாகிவிட்டது. வாக்குச்சீட்டில் கீழே போனால் நகரச் சாசனத் திருத்தம், அதாவது நகர நிர்வாகத்தின் அடிப்படைச் சட்டத்தை மாற்றும் கேள்விகள், ஏ (A) முதல் எஃப் (F) வரை ஆறு இருக்கிறது, அதில் ஈ-யில் மாட்டிக்கொண்டேன். மேயருக்கு ஆண்டுக்கு 61,725 டாலராக இருப்பதை 87,800 ஆக்க வேண்டுமாம், நகர மன்ற உறுப்பினர்களுக்கு 45,722-லிருந்து 70,200. சொத்து வரி கட்டியே முதுகு வளைந்துவிட்டது, சேவை செய்ய வந்தவர்களுக்கு இது தேவையா? நவம்பர் 1-க்குள் முன்கூட்டியே போட்டுவிடலாம் என்று பார்க்கிறேன்.

பதில் 1:
சேவை என்று சொல்லித்தான் இந்த ஊர் பல காலம் ஓட்டியது. 2015 மே வரை உறுப்பினருக்குக் கூட்டத்துக்கு 20 டாலர், ஆண்டுக்கு 1,040-க்கு மேல் கிடையாது. மேயருக்கு அதோடு இன்னொரு 3,000. அப்படியென்றால் வேறு வருமானமோ ஓய்வூதியமோ, சம்பாதிக்கும் துணையோ இருப்பவர்தான் நிற்க முடியும். பள்ளிக்கூட ஆசிரியரோ நர்ஸோ வேலையை விட்டுவிட்டு எப்படி வருவார்? 2015-இல் மக்களே ஓட்டுப் போட்டு இப்போதுள்ள சம்பளத்தைக் கொடுத்தார்கள், அதன்பிறகு ஒன்பது வருடமாக ஒரு சென்ட்கூட ஏறவில்லை. வாடகை அப்படியேவா நின்றது?

பதில் 2:
நான் இல்லை என்றுதான் போடப் போகிறேன். 61,725 பிச்சைக்காசு இல்லை, இந்த ஊரில் அதைவிடக் குறைவாக வாங்கிக் குடும்பம் நடத்துபவர்கள் எத்தனை பேர்! இதில் மேயர் நிர்வாகத்தையும் நடத்துவதில்லை. அன்றாட வேலை முழுக்க மன்றம் நியமிக்கிற சிட்டி மேனேஜர் கையில். அந்த மேனேஜருக்கு நகரத்தில் மிகக் குறைவாக வாங்கும் ஊழியரின் சம்பளத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல் கூடாது, எட்டு வருடத்துக்கு மேல் பதவியும் கூடாது என்று 2018-இல் நாம்தானே ஓட்டுப் போட்டுக் கட்டுப்பாடு வைத்தோம். இப்போது சி அந்தக் கட்டுப்பாட்டை நீக்கச் சொல்கிறது, ஈ சம்பளத்தை ஏற்றச் சொல்கிறது, எஃப் இரண்டு வருடப் பதவிக்காலத்தை நான்காக்கச் சொல்கிறது. எல்லாம் ஒரே சீட்டில். எனக்கு இது பிடிக்கவில்லை.

கேட்டவர்:
மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. ஆனால் ஒன்றுக்கு ஆமா, இன்னொன்றுக்கு இல்லை என்று போடலாம்தானே?

பதில் 3:
தாராளமாகப் போடலாம், தனித்தனிக் கேள்விகள்தான். நான் சி-க்கு இல்லை, ஈ-க்கு ஆமா. கணக்கு போட்டுப் பார்த்தேன், மேயருக்குக் கூடுவது 26,075, பத்து உறுப்பினர்களுக்கும் சேர்த்து 2,44,780, ஆக மொத்தம் 2,70,855 டாலர். 14 லட்சம் பேருக்கு மேல் இருக்கிற ஊரில் தலைக்கு ஆண்டுக்கு 20 சென்ட்கூட வராது, உங்கள் சொத்து வரிக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எனக்குப் பிடித்தது, மத்திய வீட்டு வசதித் துறை இந்த ஊர் நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்கிடும் வருமான அளவோடு இந்தச் சம்பளத்தைக் கட்டி வைப்பது. தன் சம்பளத்தைத் தானே ஏற்றிக்கொள்கிறார்கள் என்ற பேச்சு வராது. உயர்வும் உடனே இல்லை, 2025 தேர்தலில் வருகிறவர்களுக்குத்தான். இப்போதைய மேயர் நிரன்பர்க் பதவிக்கால வரம்பைத் தொட்டுவிட்டார், அவருக்கு இதில் பைசா கிடைக்காது.

பதில் 2:
20 சென்ட் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் என் ஓட்டு மாறாது.

கேட்டவர் (தேர்தலுக்குப் பிறகு):
ஈ, சி, எஃப் மூன்றும் தேறிவிட்டன. நான் ஈ-க்கு ஆமா, எஃப்-க்கு இல்லை. டல்லாஸில் இருக்கும் தம்பியிடம் சொன்னேன், அங்கேயும் அதே நாளில் மேயருக்கு 1,40,000, உறுப்பினருக்கு 1,25,000 என்று கேட்டிருக்கிறார்கள், மக்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இவனும் இல்லை என்றுதான் போட்டானாம். 87,800 என்று கேட்டிருந்தால் என்ன செய்திருப்பாய் என்றேன், அங்கே மேயருக்கு ஏற்கெனவே 80,000 டா, ஆமா போட்டிருப்பேன் என்கிறான்.