மூலநிரலிலிருந்து தொகுத்த கப்ஸ், அச்சுப்பணி வந்ததும் முறிந்துவிடுகிறது

கேள்வி

வணக்கம். டெபியன் 11 லினக்ஸ் இயங்கும் எங்கள் அலுவலகக் கணினியில், அச்சுப்பணிகளைக் கையாளும் கப்ஸ் (CUPS) மென்பொருளின், பொதியாகக் கிடைக்கும் 2.3.3 பதிப்புக்குப் பதிலாக 2.4.7 பதிப்பைப் பயன்படுத்த விரும்பினேன். மூலநிரலை இறக்கி, அதைத் தொகுத்து நிறுவும் கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் ஆகிய மூன்று கட்டளைகளையும் எந்த விருப்பத்தேர்வும் சேர்க்காமல் இயக்கினேன். பிழை எதுவும் வரவில்லை. 631ஆம் போர்ட்டில் நிர்வாகப் பக்கமும் திறக்கிறது. ஆனால் அச்சுப்பணி ஒன்றை அனுப்பிய சில நொடிகளில் கப்ஸின் பின்னணிச் சேவையான கப்ஸ்டி, சிக்னல் 11 (தவறான நினைவக அணுகல்) பெற்று முறிகிறது. சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி அதை மீண்டும் எழுப்பினால், வரிசையில் காத்திருக்கும் அதே பணியை எடுத்ததும் மறுபடி முறிகிறது. ஜிடிபி என்ற பிழைத்திருத்தக் கருவி கொண்டு பார்த்தால் செயற்கூறுகளின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறிகளே தெரிகின்றன. வேறொரு அச்சுப்பொறியை இணைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டு நாட்களாக ஒரு பக்கம்கூட அச்சாகவில்லை.

மறுமொழி 1

அச்சுப்பொறியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆவணத்தை அச்சுப்பொறிக்கேற்ப மாற்றும் வடிகட்டிகளும், அதை அச்சுப்பொறிக்கு அனுப்பும் பின்முனை நிரல்களும் தனித்தனிச் செயல்முறைகளாக ஓடுவதால், அவற்றில் ஒன்று முறிந்தால் அந்தப் பணி மட்டுமே நிற்கும். பிழைப்பதிவில் அதன் பெயரும் சிக்னல் எண்ணும் பதிவாகும். உங்களிடம் முறிவது கப்ஸ்டியே என்பதால் தேட வேண்டிய இடம் வேறு.

கேள்விக்குறிகளுக்குக் காரணம், செயற்கூறுகளின் பெயர்களைத் தாங்கும் பிழைத்திருத்தக் குறியீடுகள் நிறுவும்போது அகற்றப்படுவதுதான். எனேபிள்-டீபக் என்ற விருப்பத்தேர்வுடன் மறுபடி தொகுத்தால் அவை தங்கும். அதற்கு முன்னர், கப்ஸ்டி கோப்பின்மீது நிரல் ஏற்றும் நூலகங்களைக் காட்டும் எல்டிடி கட்டளையை இயக்கி, கப்ஸ் நிரல்கள் பகிரும் லிப்கப்ஸ் நூலகம் எந்த அடைவிலிருந்து ஏற்றப்படுகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். புதிய லிப்கப்ஸ், யூஎஸ்ஆர் அடைவுக்குள் லிப்64 என்ற அடைவில் இருக்கிறது. ஆனால் எல்டிடி காட்டுவது டெபியன் தன் நூலகங்களை வைக்கும் பல்கட்டமைப்பு அடைவில் உள்ள பழைய கோப்பை. இரண்டுக்கும் பெயர் ஒன்றே, இறுதியில் உள்ள எண்ணும் 2 தான். அப்படியானால் இரண்டும் பொருந்த வேண்டும் அல்லவா?

மறுமொழி 2

பொதுப் பயன்பாட்டு நிரல்களுக்குப் பொருந்தும், கப்ஸ்டிக்குப் பொருந்தாது. அந்த எண் 2 உறுதியளிப்பது, வெளியார் அழைக்கும் செயற்கூறுகள் மாறாது என்பதை மட்டுமே. கப்ஸ்டியோ அதே மூலநிரல் தொகுதியில் பிறந்தது என்பதால், லிப்கப்ஸின் வெளியே அறிவிக்கப்படாத உள் செயற்கூறுகளையும் தரவு அமைப்புகளையும் நேரடியாகப் பயன்படுத்துகிறது. அந்த அமைப்புகளின் அளவும் உறுப்புகளின் வரிசையும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். 2.4.7 கப்ஸ்டி ஓரிடத்தில் ஒன்று இருக்கும் என்று கைநீட்ட, 2.3.3 நூலகம் அங்கே வேறொன்றை வைத்திருந்தால், கிடைப்பது சிக்னல் 11 தான். இந்த இரண்டும் எப்போதும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும்.

முதலில் ஈடிசி அடைவில் உள்ள கப்ஸ் அமைப்புக் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள். பிறகு மேக் அன்இன்ஸ்டால் இயக்கி, லிப்64இல் எஞ்சிய லிப்கப்ஸ் கோப்புகளை மட்டும் நீக்கி (அங்கேயே நிரல்களுக்கு நூலகங்களை இணைத்துத் தரும் இயங்குநேர ஏற்றியும் இருக்கிறது, அதைத் தொட்டால் கணினியே எழாது), டெபியன் பொதிகளை அதன் பொதி மேலாளரான ஆப்ட் வழியே மீள்நிறுவுங்கள். புதிய பதிப்பு கட்டாயம் வேண்டுமென்றால், நிறுவும் இடத்தைக் குறிக்கும் ப்ரீஃபிக்ஸ் விருப்பத்தேர்வில் ஓபிடி அடைவுக்குள் தனி இடம் கொடுத்துத் தொகுங்கள். வழக்கமல்லாத இடம் என்றால் நூலகத்தின் பாதையை கான்ஃபிகரே நிரலுக்குள் பதித்துவிடும். சோதிக்கும்போது டெபியனின் கப்ஸ் சேவையை மட்டுமன்றி, அழைப்பு வந்ததும் அதை எழுப்பும் சாக்கெட் அலகையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பழையது தானாக எழுந்து 631ஆம் போர்ட்டைப் பிடித்துக்கொள்ளும்.

மறுமொழி 1

ஒன்றைச் சேர்க்கிறேன். 2012இல் வெளிவந்த கப்ஸ் 1.6 முதல், லினக்ஸுக்கான வடிகட்டிகளில் பெரும்பாலானவை கப்ஸ்-ஃபில்டர்ஸ் என்ற தனித் திட்டத்துக்குப் போய்விட்டன. தனி அடைவில் நிறுவிய கப்ஸ் அவற்றைத் தன் அடைவுக்குள்தான் தேடும். ஆகவே அவற்றையும் அதே ப்ரீஃபிக்ஸில் தொகுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பொதிகளை மீள்நிறுவியதும் தேங்கியிருந்த பணிகள் அனைத்தும் அச்சாகிவிட்டன. 2.4.7 பதிப்பை ஓபிடியில் தொகுத்திருக்கிறேன், எல்டிடி இப்போது சரியான லிப்கப்ஸைக் காட்டுகிறது. வடிகட்டிகளை வார இறுதியில் தொகுத்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.