பிடுங்கிய குச்சிக்கிழங்கில் இரண்டே நாளில் நீலக்கோடு: செல்லைக் காக்கும் புரதங்கள் ஏன் தோற்கின்றன?

கேள்வி: மரவள்ளி விவசாயி, வாழப்பாடி

அனைவருக்கும் வணக்கம். வாழப்பாடிக்கு அருகே மூன்று ஏக்கரில் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, பயிரிட்டு வருகிறேன். சென்ற தை மாதம் பிடுங்கிய ஒரு லோடு, ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வாசலில் வண்டிகள் வரிசை கட்டி நின்றதால், இரண்டு நாட்கள் வெயிலில் காத்திருக்க நேர்ந்தது. மூன்றாம் நாள் ஒரு கிழங்கை ஒடித்துப் பார்த்தபோது, தோலில் எந்தக் குறையும் தெரியாதிருக்க, உள்ளே சதை முழுவதும் நீலமும் கறுப்புமாகக் கோடுகள் நரம்பு நரம்பாக ஓடியிருந்தன. மாவுச்சத்தின் அளவைக் குறிக்கும் பாயிண்ட்டையும் குறைத்துப் போட்டார்கள்.

இது பூஞ்சாணத்தால் வரும் அழுகல் அன்று, செல்களுக்குள்ளேயே ஆக்சிஜனால் உண்டாகும் சேதம் என்றும், அதைத் தடுக்கும் புரதங்கள் எல்லாத் தாவரங்களிலும் இருக்கின்றன என்றும் வேளாண்மை படிக்கும் என் மகள் சொல்கிறாள். அப்படியானால் உருளைக்கிழங்கை மாதக்கணக்கில் காக்கும் அந்தப் புரதங்கள் என் கிழங்கை மட்டும் ஏன் இரண்டு நாளில் கைவிடுகின்றன? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில் 1: தாவரவியல் ஆசிரியர், சேலம்

ஐயா, உங்கள் மகள் சொன்னது சரி. அழுகல் பிறகுதான் வருகிறது. நீங்கள் பார்த்த நீலக்கோடு அதற்கு முந்தைய கட்டம்.

செல் மூச்சு விடும்போது அதன் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிச் சென்று, கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராக முடிய வேண்டும். வழியில் சில எலக்ட்ரான்கள் சிந்திவிடுகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்ட ஆக்சிஜன் சூப்பராக்சைடு என்னும் மூர்க்கமான பொருளாகிறது. இந்தச் சிந்தல் ஆக்சிஜனைச் சுவாசிக்கும் எல்லா உயிரிலும் எந்நேரமும் நடப்பது என்பதால், அதைத் துடைத்தெடுக்கும் புரதங்களும் எந்நேரமும் பணியில் இருக்கின்றன. முதலாவது, சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். இதன் பணியை 1969-இல் ஜோ மெக்கார்ட், இர்வின் ஃபிரிடோவிச் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். இது சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் சாதாரண ஆக்சிஜனாகவும் மாற்றிவிடுகிறது. ஆனால் பெராக்சைடும் ஆபத்தானதே: இரும்பு அயனியின் அருகே சிக்கினால் அது ஹைட்ராக்சில் என்னும் கொடிய துகளாக உடைந்து, செல் சவ்வையும் மரபுப் பொருளையும் தாக்கும். எனவே அடுத்த வேலையைக் கேட்டலேஸும் அஸ்கார்பேட் பெராக்சிடேஸும் ஏற்கின்றன. பெராக்சைடு வெள்ளமாகச் சேரும்போது அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் விரைந்து உடைப்பது கேட்டலேஸ். மிகக் குறைந்த அளவில் ஒளிந்திருப்பதையும் வைட்டமின் சி-யின் துணைகொண்டு தேடிப் பிடித்து அழிப்பது பெராக்சிடேஸ். இரும்பையே தன் கூட்டுக்குள் பூட்டி வைக்கும் ஃபெரிட்டின் என்ற புரதமும் உண்டு. சண்டைக்கு முன்பே ஆயுதத்தைப் பறித்துவைக்கும் அதன் வேலையை நான் மிக உயர்வாகக் கருதுகிறேன்.

இனி உங்கள் கிழங்குக்கு வருகிறேன். மரவள்ளிச் செல்லினுள் உள்ள சேமிப்புப் பையான வாக்குவோலில் லினமாரின் என்ற பொருளும், செல் சுவரில் அதை உடைக்கும் லினமாரேஸ் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. பிடுங்கும்போது காயம்பட்ட இடத்தில் இரண்டும் கலந்து சயனைடு வெளிப்படுகிறது. அந்தச் சயனைடு, எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சென்றடையும் கடைசி வாசலை அடைத்துவிடுகிறது. வாசல் அடைபட்டால் பின்னால் வருபவை தேங்கி வழியும் அல்லவா? அப்படி வழிந்ததெல்லாம் சூப்பராக்சைடு. காயம்பட்ட கால் மணி நேரத்திற்குள் இந்தப் பெருக்கு தொடங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அதைவிடக் கொடுமை என்னவென்றால், கேட்டலேஸையும், தாமிரமும் துத்தநாகமும் கொண்ட டிஸ்மியூட்டேஸ் வகையையும் சயனைடு முடக்கவல்லது. தாக்குதல் மிகும் அதே நேரத்தில் காவலும் தளர்கிறது. மிஞ்சிய பெராக்சைடு, ஸ்கோப்போலெட்டின் என்ற பொருளை வேறு வகைப் பெராக்சிடேஸ்களின் வழியாக ஆக்சிஜனேற்றம் செய்யும்போது தோன்றும் நிறமே நீங்கள் பார்த்த நீலம்.

உருளைக்கிழங்கோடு ஒப்பிட்டீர்கள். உருளைக்கிழங்கு அந்தச் செடிக்கு வித்து; அதன் கண்களிலிருந்தே அடுத்த தலைமுறை முளைக்க வேண்டும் என்பதால் காயத்தை மூடி மாதக்கணக்கில் காத்திருக்கும் திறன் அதற்குத் தேவைப்படுகிறது. மரவள்ளிக்கு நாம் நடுவது குச்சியை. கிழங்கு வெறும் உணவுக் கிடங்காகிய வேர்தான். செடியை விட்டுப் பிரிந்தபின் அது பிழைத்திருக்க வேண்டிய தேவை செடிக்கு இல்லை.

பதில் 2: காப்பித் தோட்டம், ஏற்காடு

ஆசிரியர் வேரைப் பற்றிச் சொன்னதை நான் இலையில் ஆண்டுதோறும் பார்க்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களை ஒரேயடியாகக் கவாத்து செய்துவிட்டால், அதுவரை நிழலில் இருந்த இலைகள் மஞ்சளித்து வெளுத்துவிடுகின்றன. பயன்படுத்த முடிந்ததைவிட அதிக ஒளி, ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில் விழுவதால் அங்கும் இதே வகை ஆக்சிஜன் சேதம் உண்டாகிறது. கேட்டலேஸ் பசுங்கணிகத்துக்குள் இல்லை. அங்கே பெராக்சிடேஸ்தான் முதன்மைக் காவல். மிகுந்த ஒளியை வெப்பமாக மாற்றி வெளியேற்ற உதவும் பிஎஸ்பிஎஸ் என்ற புரதமும் உண்டு. சிறிது சிறிதாக நிழலைக் குறைத்தால் இலை இந்தப் புரதங்களைப் பெருக்கிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது என்பதால், நாங்கள் கிளைகளைத் தவணை முறையில்தான் கழிக்கிறோம்.

மறுகேள்வி: மரவள்ளி விவசாயி, வாழப்பாடி

இருவருக்கும் மிக்க நன்றி. இலைக்குக் கிடைக்கும் அந்த அவகாசம் என் கிழங்குக்குக் கிடைக்க வழி உண்டா? அந்தக் காவல் புரதங்களைத் தண்ணீரில் கலந்து கிழங்கின் மீது தெளித்தால் பயன் இருக்குமா?

பதில் 3: தாவரவியல் ஆசிரியர், சேலம்

தெளிப்பதில் பயனில்லை, ஐயா. புரதம் பெரிய மூலக்கூறு. தோலையும் செல் சுவரையும் சவ்வையும் கடந்து அது உள்ளே போகாது. யாரேனும் அப்படி ஒரு மருந்தை விற்க வந்தால் வாங்காதீர்கள். அந்தப் புரதத்தைச் செல்லே செய்துகொள்ள வேண்டும். அதற்கான முயற்சிகள் நடந்துள்ளன. டிஸ்மியூட்டேஸையும் கேட்டலேஸையும் கூடுதலாக உருவாக்கும்படி மரபணு மாற்றிய மரவள்ளியில் நீலக்கோடு தோன்றுவது பத்து நாட்களுக்குமேல் தள்ளிப்போனதாக 2013-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதற்கு முந்தைய ஆண்டில் இன்னொரு குழு, சயனைடால் அடைபடாத மாற்று ஆக்சிடேஸ் என்னும் புரதத்தைச் சேர்த்து, எலக்ட்ரான்களுக்குப் புறவழிச்சாலை போல ஒரு வழியைத் திறந்துவிட்டு, கிழங்கின் ஆயுளை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நீட்டியது. நம் ஊரில் நடுவதற்குக் கிடைக்கும் குச்சிகள் அல்ல இவை.

இன்று உங்கள் கையில் இருப்பது, காயத்தைக் குறைப்பதுதான். கிழங்கின் கழுத்தை ஒட்ட வெட்டாமல் சிறிது தண்டோடு விட்டுப் பிடுங்குங்கள். கழுத்திலும் வால் முனையிலும் ஏற்படும் வெட்டிலிருந்துதான் கோடுகள் உள்நோக்கி ஓடுகின்றன. அறுவடைக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் செடியின் மேற்பகுதியைக் கழித்துவிட்டாலும் நீலம் பாய்வது தாமதமாகும். ஆனால் மாவுச்சத்து ஓரளவு குறையக்கூடும் என்பதால், பாயிண்ட் பார்த்து விலை போடும் ஆலைக்கு அனுப்பும் கிழங்கில் இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன். சமையலுக்கு விற்கும் கிழங்கானால் தயங்காமல் செய்யலாம்.

பதில் 4: கிழங்கு வியாபாரம், ஆத்தூர்

சமையல் கிழங்கு விற்கும் எங்கள் வீட்டில், மீந்த கிழங்கை ஈரமணலில் புதைத்துவைப்பது என் பாட்டி காலத்து வழக்கம். காற்று படாமல் இருப்பதுதான் காரணமா?

பதில் 5: தாவரவியல் ஆசிரியர், சேலம்

ஆம் அம்மா. காயத்துக்குச் செல்லும் ஆக்சிஜன் குறைகிறது, ஈரமும் காயாமல் நிற்கிறது. புரதங்களால் அடக்க முடிகிற அளவுக்குச் சேதம் மெதுவாகிறது.

மரவள்ளி விவசாயி, வாழப்பாடி

வரும் தையில் நான்கு வரிசைகளைத் தனியே பிரித்து, இரண்டைத் தண்டோடும் இரண்டை வழக்கம்போலவும் பிடுங்கி, நிழலில் வைத்து நாள்தோறும் ஒன்றை ஒடித்துப் பார்க்கப் போகிறேன். என் மகள் குறிப்பெடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். எந்த நாளில் எத்தனை கிழங்கில் கோடு ஓடியது என்பதை இங்கேயே எழுதுகிறேன்.