பன்னாட்டுக் கடலில் நாடுகள் தாமாகவே வலையைச் சுருட்டிக்கொண்டது உண்டா?

கேள்வி: நெய்தல் வாசகி

வணக்கம். கரையிலிருந்து 200 கடல் மைல் வரை அந்தந்த நாட்டின் பொருளாதார மண்டலம். அதற்கு அப்பாலுள்ள நீர்ப்பரப்பு எவருக்கும் சொந்தமன்று. பெருங்கடல்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவ்வாறு இருக்கிறது. அங்கு வாழும் உயிரினங்களைக் காப்பதற்காக 2023 ஜூனில் ஐ.நா.வில் ஏற்கப்பட்ட ஒப்பந்தம் 2026 ஜனவரி 17 அன்று நடைமுறைக்கு வந்ததை அறிந்து மகிழ்ந்தேன். ஆயினும் ஓர் ஐயம் உறுத்துகிறது. சொந்தமில்லாத கடலில் மீன் கிடைக்கும்போது, நாடுகள் ஒன்றுகூடிப் பேசி உண்மையாகவே பிடிப்பதை நிறுத்திய முன்னுதாரணம் ஏதேனும் உண்டா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: வடதிசை

உண்டு அம்மா. ஆனால் முதல் கதை துயரமானது. பேரிங் கடலின் நடுவில், அமெரிக்க, ரஷ்ய மண்டலங்களால் முழுவதுமாகச் சூழப்பட்ட ஒரு பன்னாட்டுக் கடல் துண்டு இருக்கிறது. அதன் வடிவத்தைக் கொண்டு ‘டோனட் துளை’ என்று அதை அழைக்கிறார்கள். 1980-களின் நடுவில் ஜப்பான், தென்கொரியா, போலந்து, சீனா முதலிய நாடுகளின் இழுவைக் கப்பல்கள் பொல்லாக் மீனுக்காக அங்கே குவிந்தன. 1989-இல் மட்டும் ஏறத்தாழ 14 லட்சம் டன் அள்ளப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் மீன்வளம் சரிந்து, கப்பல்கள் செலவுக்கும் கட்டாமல் திரும்பின. அதன் பிறகுதான் 1994-இல் ஆறு நாடுகள் ஒப்பந்தம் செய்தன: அப்பகுதியின் பொல்லாக் இருப்பு 16.7 லட்சம் டன்னைத் தாண்டினால் ஒழிய அங்கே பிடிப்பதில்லை என்பது அதன் சாரம். இன்றுவரை அந்த மீன்பிடிப்பு மீண்டும் தொடங்கவில்லை. ஒப்பந்தம் மதிக்கப்பட்டது என்பது உண்மையே. மதிக்கப்படும்போது காப்பதற்கு மிச்சமிருந்தது மிகக் குறைவு என்பதும் உண்மை.

இந்தப் பாடம் வீண்போகவில்லை. பனி உருகுவதால் நடு ஆர்க்டிக் பெருங்கடல் திறந்துகொள்ளத் தொடங்கியபோது, அங்கே வணிக மீன்பிடிப்பு தொடங்கும் முன்பே, ஒன்பது நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அங்கே கட்டுப்பாடற்ற வணிக மீன்பிடிப்பில் இறங்குவதில்லை என்னும் ஒப்பந்தத்தில் 2018-இல் கிரீன்லாந்தின் இலுலிசாட் நகரில் கையெழுத்திட்டன. ஏறத்தாழ 28 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. 2021-இலிருந்து முதற்கட்டமாகப் பதினாறு ஆண்டுகள். அதற்குள் அங்குள்ள உயிர்ச்சூழலைக் கூட்டாக ஆராய வேண்டும். மீன் போன பின் அல்ல, வலை விழும் முன்னரே செய்யப்பட்டது என்பதால் இதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன்.

பதில்: தென்முனை

மேலே கூறியவற்றில், கூடிப் பேச வேண்டியவர்கள் சிலர்தாம். எண்ணிக்கை கூடினால் சிக்கலும் கூடும். அண்டார்க்டிக்கின் ராஸ் கடலை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தும் அமெரிக்காவும் சேர்ந்து 2012-இல் முன்வைத்த காப்பகத் திட்டம், அப்பகுதியின் கடல்வாழ் உயிரினங்களைக் காக்கும் பன்னாட்டு ஆணையத்தில் அனைவரும் உடன்பட்டாக வேண்டும் என்னும் விதியால் ஆண்டுதோறும் தள்ளிப்போய், 2016 அக்டோபரில்தான் நிறைவேறியது. 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் என்பது பெருஞ்சாதனை. எனினும் அதன் காலம் 35 ஆண்டுகளே. அதே விதியால் வெடல் கடல், கிழக்கு அண்டார்க்டிக் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் தடைப்பட்டு நின்றன. புதிய ஒப்பந்தத்திலோ ஒருமித்த கருத்து எட்டாவிட்டால் நான்கில் மூன்று பங்கு வாக்குகளால் காப்பகம் அறிவிக்கலாம்.

நெய்தல் வாசகி

இருவருக்கும் நன்றி. வாக்கெடுப்பில் தோற்ற நாடு கட்டுப்படுமா?

பதில்: தென்முனை

கட்டுப்பட வேண்டும்; ஆனால் 120 நாட்களுக்குள் எழுத்து வடிவில் காரணம் கூறி ஆட்சேபித்து விலகிக்கொள்ளலாம். அவ்வாறு விலகும் நாடு இயன்றவரை அதே பயன் தரும் மாற்று நடவடிக்கையை மேற்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் சேராத நாட்டை இது கட்டுப்படுத்தாது. நடுக்கடலில் ஒரு கப்பலைப் பெரும்பாலும் அதன் கொடி நாடே, அதாவது அது பதிவுசெய்யப்பட்ட நாடே, தண்டிக்க முடியும் என்பதால், எனக்கு இதுவே பெருங்கவலை.

பதில்: குமரிக் கரையான்

ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் மாவட்டத்தின் தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் சூரையும் சுறாவும் தேடி வாரக்கணக்கில் இந்தியப் பெருங்கடலுக்குள் வெகுதூரம் செல்பவர்கள். காப்பகத் திட்டங்கள் குறித்து உள்ளூர்ச் சமூகங்களுடன் கலந்தாலோசிக்க வேண்டும் என்று ஒப்பந்தமே கூறுகிறது. இந்தியா 2024 செப்டம்பரில் கையெழுத்திட்டுள்ளது. எங்கள் கடலில் எல்லை வரையும் நாள் வந்தால், எந்த நீரோட்டத்தில் எந்தப் பருவத்தில் எந்த மீன் வரும் என்பதை அறிந்த அவர்களை முதலில் அழைத்துக் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.