அமெரிக்கக் கல்லூரிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் அணிகளில், வீரனுக்குக் கோச் கொடுத்த தண்டனையை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

பழைய டி.ஏ.:
2007. தெற்கே ஒரு பெரிய ஃபுட்பால் பல்கலைக்கழகம், பெயர் வேண்டாம். புள்ளியியல் வகுப்புக்கு நான் டி.ஏ., பேராசிரியரின் உதவியாளன். அணியின் லைன்மேன் ஒருத்தன், முன்வரிசையில் மோதுகிறவன், கதவில் குனிந்துதான் நுழைவான், தொடர்ந்து மூன்று வகுப்பு வரவில்லை. விளையாட்டுத் துறையிலிருந்து வருகை கேட்டு மெயில் வந்தது. உள்ளதைப் போட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ராத்திரி முழுக்கப் பேப்பர் திருத்திவிட்டு விடிகாலை ஐந்தரைக்கு அறைக்கு நடக்கிறேன். பயிற்சி மைதான வேலிக்கு உள்ளே அவன் தரையில் உருள்கிறான். நூறு யார்டு, திரும்பவும் நூறு. கோவிலில் அங்கப்பிரதட்சணம் பார்த்திருக்கிறேன். வாந்தி எடுத்துக்கொண்டே உருண்டவனைப் பார்த்ததில்லை. கோச் கையில் காபியோடு கூடவே நடக்கிறார். என்னைக் கண்டதும் வாயைத் துடைத்துக்கொண்டு "குட்மார்னிங் சார்" என்றான். அப்புறம் அவனுக்கு நான் ஆப்சென்ட்டே போடவில்லை, வராத நாளிலும்.

தலஹாசி தம்பி:
உருள்வதெல்லாம் தண்டனையா அண்ணா? ஆட்டத்தில் உட்கார வைக்கணும். 2014 செப்டம்பர் 20, கிளெம்சனோடு எங்கள் ஃப்ளோரிடா ஸ்டேட் ஆட்டம், நான் டோக் கேம்பல் ஸ்டேடியத்தில் மேல் வரிசை. எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவன்) ஜேமிஸ் வின்ஸ்டன் மாணவர் மையத்தில் ஆபாசமாகக் கத்தியதற்கு முதலில் பாதி ஆட்டம்தான் தடை, முந்தின ராத்திரி முழு ஆட்டமானது. ஆனாலும் வார்ம்-அப்புக்கு தோள் கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறான்! கோச் ஜிம்போ ஃபிஷர் ஏதோ சொன்னார், உள்ளே போய்க் கழற்றிவிட்டு வந்தான். அவன் இல்லாமலே ஓவர்டைமில் 23-17 ஜெயித்தோம்.

லிங்கன் 95:
தம்பி, முழு ஆட்டமாக்கியது கோச் இல்லை. பல்கலைக்கழகத்தின் தற்காலிகத் தலைவரும் விளையாட்டு இயக்குநரும். கோச் கையில் விட்டால் என்ன ஆகும் என்று 1995-ல் நெப்ராஸ்காவில் இருந்த எங்களைக் கேள். முன்னாள் காதலியை அடித்ததற்கு பந்தோடு ஓடும் எங்கள் நட்சத்திரம் லாரன்ஸ் பிலிப்ஸை கோச் டாம் ஆஸ்போர்ன் ஆறு ஆட்டம் வெளியே வைத்தார். ஃபுட்பால் இல்லாவிட்டால் பையன் கெட்டுப்போவான் என்று திரும்பச் சேர்த்துக்கொண்டார். சாம்பியனைத் தீர்மானித்த ஃபியஸ்டா போல் ஆட்டத்தில் பந்தோடு 165 யார்டு ஓடினான், ஃப்ளோரிடாவை 62-24 என்று நொறுக்கினோம். எங்கள் அபார்ட்மெண்டில் பதினைந்து பேர் கத்திக்கொண்டிருந்தோம். கூட இருந்த ஒரு பெண் மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, ஜனவரிக் குளிரில் கோட்கூட எடுக்காமல் வெளியே போனாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பிளானோ அப்பா:
என் பையன் இந்த வருஷம் ஒரு கல்லூரி அணியில் சேர்ந்திருக்கிறான், வாக்-ஆன், அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல். ஸ்கூட்டர் பார்க்கிங் அபராதத்துக்கே ஸ்டேடியம் படி ஏற விட்டார்கள். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குச் சொல்கிறேன். என்ன தப்பு நடந்தாலும் போலீஸ் மூலமாகவோ செய்தியிலோ கோச்சுக்குத் தெரிவதற்கு முன்னால் பையனே போன் செய்து சொல்லிவிடணும். நீங்கள் போன் செய்யாதீர்கள், அது இன்னும் மோசம். அணியின் விதிப் புத்தகத்தைக் கையெழுத்துப் போடும் முன் நீங்களும் படியுங்கள்; போதை மருந்துச் சோதனையில் எத்தனையாவது தடவை வெளியேற்றம் என்று அதிலேயே பாருங்கள். 2012-ல் டைரன் மாத்யூ அப்படித்தான் எல்எஸ்யூவிலிருந்து (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) போனான், அவ்வளவு பெரிய ஆட்டக்காரன். ராத்திரி பாருக்குப் போகிற சீனியர் காரில் ஏற வேண்டாம். ஒருத்தன் தப்புக்கு அந்தப் பொசிஷன் பையன்கள் எல்லாரையும் ஓட விடுவார்கள், அப்புறம் அறையில் அவனோடு பேச ஆளிருக்காது. கைச்செலவுக்குக் கொஞ்சமாக அனுப்புங்கள்.

பழைய டி.ஏ.:
சார், நான் பிள்ளை வளர்ப்பு கேட்கவில்லை. தம்பிக்கு: உட்கார வைக்க அந்த லைன்மேன் ஆட்டத்திலேயே கிடையாது, அவன் இடத்துக்கு நாலாவது ஆள். போன மாதம் லிங்க்ட்இனில் அவனிடமிருந்து அழைப்பு வந்தது. இன்ஷூரன்ஸில் இருக்கிறான் போல. இன்னும் அக்செப்ட் பண்ணவில்லை.