வாட்சப்புல போட்டா புகாரா?

பழைய கிராணி:
"தோட்டத்துல நடக்குற தப்பைச் சொன்னவனை ஒரு பய தொட முடியாது, சட்டம் இருக்கு"ன்னு நேத்து இங்க ஒரு தம்பி முழங்கியிருந்தாரு. படிச்சதும் கோப்பி கசந்துபோச்சு. எந்தச் சட்டம் தம்பி? மலேசியாவுல 2010ல வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், 711ஆவது சட்டம், அதானே? எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்), போலீஸ், லேபர் ஆபீஸ்னு ஏதாவது ஒரு அமலாக்க அமைப்புகிட்ட போய்ச் சொன்னாத்தான் அது காப்பாத்தும். சுங்கை சிப்புட் பக்கம் அந்த எடைமேடைப் பையன் என்ன செஞ்சான்? செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை எடைச் சீட்டைப் படம் புடிச்சு வாட்சப் குரூப்புல போட்டான். வாட்சப் அமலாக்க அமைப்பா?

லயத்துப் பையன்:
முழங்குனது நான்தான் அங்கிள். அவன் வெள்ளிக்கிழமை படம் போட்டான், திங்கக்கிழமை எஸ்பிஆர்எம்ல புகார் குடுத்துட்டான். 10ஆவது பிரிவைப் படிங்க. பழிவாங்குனா 1 லட்சம் ரிங்கிட் வரைக்கும் அபராதம், 15 வருஷம் வரைக்கும் ஜெயில். வேற என்ன வேணும்?

பழைய கிராணி:
திங்கக்கிழமை! சனிக்கிழமையே அவனை எடைமேடையிலிருந்து தூக்கிக் களை எடுக்க அனுப்பிட்டாங்களே. அமலாக்க அமைப்பு கையில புகார் கிடைச்ச பிறகுதான் பாதுகாப்பு. 7ஆவது பிரிவு. 31 வருஷம் தோட்டத்துல கிராணியா கணக்கு எழுதுனவன், எனக்குத் தேதி தெரியும்.

செம்பனைச் செல்வி:
கணக்கு எழுதுனவங்களாலதானே இந்த நிலைமை. எங்கப்பா குலை வெட்டுன காலத்துல சீட்டுல எத்தனை கிலோ காணாமப் போச்சுன்னு எழுதவா?

பழைய கிராணி:
அம்மா, பேச்சை மாத்தாதீங்க. வாட்சப் அமலாக்க அமைப்பா இல்லையா?

சங்கத்துக்காரன்:
பையன் முதல்ல சங்கத்துக்குத்தானே வந்திருக்கணும்? 1954லேர்ந்து தோட்டத் தொழிலாளிக்கு நிக்கிறது யாரு?

பழைய கிராணி:
சங்கமும் அமலாக்க அமைப்பு இல்ல. வாட்சப்பும் இல்ல. ரெண்டுக்கும் ஒரே மார்க்.

சங்கத்துக்காரன்:
சந்தா கட்டாதவங்க மார்க் போட வேணாம்.

லயத்துப் பையன்:
சட்டத்துல பழிவாங்கல்னா வேலைநீக்கம் மட்டும் இல்ல அங்கிள். மிரட்டல், பதவி இறக்கம், பாதகமா நடத்துறது எல்லாம் சேரும். குடும்பத்தைத் தொட்டாலும் சேரும். இப்ப அவன் அம்மாவை, பிள்ளைங்களைப் பாத்துக்குற ஆயாக் கொட்டாய் வேலையிலிருந்து நிறுத்திட்டாங்க. அது திங்கக்கிழமைக்கு அப்புறந்தான்.

பழைய கிராணி:
11ஆவது பிரிவையும் படிங்க சார். ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து தப்பிக்கத்தான் புகார் குடுத்தான்னு தெரிஞ்சா, குடுத்த பாதுகாப்பையே புடுங்கிடுவாங்க. நிர்வாகி வக்கீல் என்ன சொல்லுவான்? "சனிக்கிழமை மாத்துனோம், கோபத்துல திங்கக்கிழமை புகார்." முடிஞ்சுது கதை. அரசியல்வாதி ரஃபிசி ரம்லியை மறந்துட்டீங்களா? அரசாங்கக் கடன்ல நடந்த மாட்டுப்பண்ணை விவகாரத்துல, அந்தக் கம்பெனி வங்கிக் கணக்கை நிருபர்கள்கிட்ட காட்டுனாரு. 2018 பிப்ரவரியில 30 மாசம் தண்டனை.

லயத்துப் பையன்:
அடுத்த வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட்டு விடுதலை பண்ணுச்சு. அதை மட்டும் விட்டுட்டீங்க.

பழைய கிராணி:
2012ல வழக்குப் போட்டாங்க. ஏழு வருஷம் கோர்ட்டு ஏற அவருக்குக் கட்சி இருந்துச்சு. எடைமேடைப் பையனுக்கு யாரு இருக்கா, உங்க வாட்சப் குரூப்பா?

செம்பனைச் செல்வி:
என் கதையைக் கேளுங்க. மருந்து அடிக்கிற வேலையில கையுறை கேட்டேன், "நாளையிலேர்ந்து வராதே"ன்னாரு மண்டோர், எங்க வேலையை மேற்பார்வை பாக்குறவரு. பாதுகாப்புக் கொறைச்சலைச் சொன்னதுக்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாதுன்னு 1994 தொழில் பாதுகாப்புச் சட்டம், 27ஆவது பிரிவு. லேபர் ஆபீசுல ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும். அத மண்டோர்கிட்ட சொன்னேன். மறுநாள் கையுறை வந்துச்சு. வேலை நீக்கம்னா 60 நாளுக்குள்ள தொழில் உறவு இலாகாவுல மனுப் போடணும், அதையாச்சும் அந்தப் பையன்கிட்ட யாராவது சொன்னீங்களா?

சங்கத்துக்காரன்:
அந்த மண்டோர் யாரு, போன வருஷம் கோயில் தேர் வேலைக்கு 40 நாற்காலி கடன் வாங்கிட்டுப் போனவரா?

பழைய கிராணி:
நாற்காலியை வாங்குனது உங்க சங்கம். 38தான் திரும்பி வந்துச்சு. நோட்டுல எழுதியிருக்கேன்.

சங்கத்துக்காரன்:
கோயில் கணக்கு நோட்டை முதல்ல கமிட்டிகிட்ட காட்டுங்க அண்ணே, மூணு வருஷமா கேக்குறோம்.

லயத்துப் பையன்:
அதையும் எஸ்பிஆர்எம்ல சொல்லலாமா அங்கிள்? நேரா போய்த்தான் சொல்வேன், வாட்சப்புல போட மாட்டேன் 😄

பழைய கிராணி:
சிரிங்க. கேட்டதுக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லல. வாட்சப் அமலாக்க அமைப்பா?

செம்பனைச் செல்வி:
லோரி வந்துருச்சு. ராத்திரி வந்து எங்கப்பா கிலோ கணக்கைப் போடுறேன். ஓடிப் போயிடாதீங்க.